அன்சிபிள் சோதனைக்கு கேவிஎம்மா, கன்டெய்னரா, கிளவுடா?

அன்சிபிள் என்பது சர்வர்களைத் தானாக அமைத்துத் தரும் கருவி; அது செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் கோப்புதான் பிளேபுக். கொழும்பில் வீட்டிலிருந்தே பிளேபுக் எழுதிச் சோதிக்க இடம் வேண்டுமென்றால், நான் கேவிஎம் (ஒரே லினக்ஸ் கணினிக்குள் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் வசதி) பக்கம்தான். லினக்ஸ் போட்ட, 16 ஜிபி ரேம் உள்ள டெஸ்க்டாப்பில் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

கிளவுடில், அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் சர்வரில், தொடங்குவது சுலபம். ஆனால் பில் டாலரில் வரும். 2022இல் ஓரிரு மாதங்களுக்குள் டாலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 அளவுக்குப் போனதைப் பார்த்த நமக்கு, அணைக்க மறந்த ஒரு சர்வர்கூட உறுத்தும். கன்டெய்னர் (நிரல்களைத் தனியே பிரித்து ஓட்டும் இலகுவான பெட்டி) நொடியில் எழும், ரேமும் குறைவாகவே கேட்கும். ஆனால் அதன் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஹோஸ்டுடையது, அதாவது அதை ஓட்டும் கணினியுடையது. சாதாரண இமேஜில் (தயாராகக் கிடைக்கும் சிஸ்டம் கோப்புத் தொகுப்பு) சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியும் ஓடாது. ரீபூட், ஃபயர்வால், கெர்னல் அமைப்பு என்று வந்தால் அங்கே கிடைக்கும் 'ஓகே'யை நான் நம்புவதில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது, பழைய நிலைக்குத் திரும்புகிற வேகம். பிளேபுக்கை வெற்று மெஷினில் ஒருமுறை ஓட்ட வேண்டும். உடனே மறுபடி ஓட்டினால் 'சேஞ்ச்ட்' (மாற்றம் செய்த வேலைகளின் எண்ணிக்கை) பூச்சியமாக வர வேண்டும். ஏதாவது திருத்தினால் திரும்பவும் வெற்று மெஷின் வேண்டும். ஒரு மாலைக்குள் இது பல தடவை நடக்கும். கேவிஎம்மில் ஒரு அடிப்படை இமேஜ் போதும். ஒவ்வொரு மெஷினுக்கும் அதன்மேல் ஒரு கியூகவ்2 (ஒரு வகை டிஸ்க் கோப்பு) ஓவர்லே. மாற்றங்கள் மட்டும் அதில் எழுதப்படும். மெஷினை நிறுத்தி, ஓவர்லேயை அழித்துப் புதிதாக உருவாக்கினால் சரி, மெஷின் பழையபடி சுத்தம். இமேஜைத் திரும்ப டவுன்லோட் செய்யும் டேட்டாவும் மிச்சம்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஓவர்லேக்கள் இருக்கும்போது அடிப்படை இமேஜில் கைவைக்கக் கூடாது, எல்லாம் கெட்டுவிடும். அப்புறம், அந்த இமேஜில் மெஷினின் தனி அடையாளம் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் உபுண்டு குளோன்கள் ஒரே ஐபிக்கு அடித்துக்கொள்ளும். ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு) எடுப்பதுதான் பிடிக்கும் என்றால் மெஷினை அணைத்துவிட்டு எடுங்கள். ஓடும்போது எடுத்ததற்குத் திரும்பினால் கடிகாரம் பின்தங்கி நின்று, ஏபிடி அப்டேட் (மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) அடம்பிடிக்கலாம்.

விண்டோஸ் மடிக்கணினி மட்டும் இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் நல்ல மாற்று. அதிலும் ஸ்னாப்ஷாட், லிங்க்ட் குளோன் (மூல டிஸ்க்கைப் பகிர்ந்துகொள்ளும் நகல்) இரண்டும் உண்டு. அன்சிபிள் விண்டோஸில் நேரடியாக ஓடாது என்பதால் அதற்கும் ஒரு லினக்ஸ் மெஷினோ டபிள்யூஎஸ்எல்லோ (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) வேண்டும். விண்டோஸ் சர்வர்களையே நிர்வகிக்கும் பிளேபுக்குகளில் என் பழக்கம் குறைவு. அங்கே இந்தத் தேர்வை அடித்துச் சொல்ல மாட்டேன். அன்சிபிளை உலாவி வழியே நிர்வகிக்கும் ஏடபிள்யூஎக்ஸும் வேண்டுமென்றால், 18ஆம் பதிப்பு முதல் அதைக் குபர்னெட்டீஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) மேல்தான் நிறுவச் சொல்கிறார்கள். அதற்கு மட்டும் நான் 8 ஜிபி ஒதுக்குவேன். மற்ற மெஷின்களுக்குத் தலா 1 ஜிபி போதும்.