கரிசலுக்கு ஒரு கணக்கு, தேரிக்கு வேறு கணக்கு: ஃபோர் வீல் டிரைவ் வண்டி, மூன்று மழைக்காலம்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓடும் வண்டிக்கு விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலும் வாய்க்கும், திருச்செந்தூர் பக்கத்துத் தேரி என்னும் செம்மணல் மேட்டு மணலும் வாய்க்கும். தார், ஜிம்னி மாதிரி இரு சக்கர இழுப்பிலிருந்து நான்கு சக்கர இழுப்புக்கு லீவர் போட்டு மாற்றும் வண்டியில் ஒன்றுக்குச் சரியான கால்பழக்கம் மற்றதில் வண்டியைப் புதைத்துவிடும்.

தேரியில் டயர் காற்றை 16–18 பிஎஸ்ஐக்கு இறக்குவதே பாதி வேலை. அப்புறம் ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் லீவர் நிலை), இரண்டாம் கியர், சீரான ஆக்சிலரேட்டர். சக்கரம் வெறுமனே சுழன்றால் உடனே காலை எடுங்கள். அழுத்தினால் ஆக்சில் மணலில் உட்கார்ந்துவிடும். நிறுத்தும்போது பிரேக் வேண்டாம், டயருக்கு முன்னால் மணல் குவியும். கிளட்சை மிதித்தால் தானே நிற்கும். (காப்புக்காட்டுத் தேரிக்குள் வண்டி விடாதீர்கள். இது ஓரத்து வண்டித்தடங்களுக்கு.) தார் ரோட்டுக்கு ஏறியதும் காற்றை நிரப்பாமல் வேகம் எடுத்தால் டயரின் பக்கச்சுவர் சூடாகிக் கிழியும்.

கரிசலில் முதல் மழைக்கு மேல் ஓரங்குலம்தான் வழுக்கும், அடியில் கெட்டி. கார்த்திகை அடைமழையில் அடிவரை ஊறிய பிறகு இறங்காமல் இருப்பதே புத்தி. பத்தடி போவதற்குள் டயர் பள்ளமெல்லாம் களி அடைந்து மொட்டை டயராகிவிடும். இங்கே கொஞ்சம் சுழலவிட்டால்தான் களி தெறித்து விழும். ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக லேசாக ஆட்டினால் டயரின் ஓரம் தடத்துச் சுவரைப் பிடிக்கும்.

கெட்டியான ரோட்டுக்கு ஏறியதும் பலர் டூ ஹைக்கு (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) மாற்ற மறக்கிறார்கள். திருப்பத்தில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் போகும் தூரம் வேறு. அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. ஸ்டியரிங் கனக்கும், லீவர் இறுகிக்கொள்ளும். பிடித்து இழுக்காமல் நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் போனால் டக்கென்று விடும்.

ரிம்முக்குள் காய்ந்த கரிசல் சிமெண்ட் மாதிரி. அறுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறும், ஆளுக்கு ஆள் அலைன்மென்ட்டுக்கு ஓடுவார்கள். ரிம்மின் உள்பக்கத்தை அன்றே பிரஷ் போட்டுக் கழுவினால் போதும்.

ஓடைத் தண்ணீரில் ஆக்சில் முழுகியிருந்தால் அதற்குள் இருக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலைப் பாருங்கள். சூடான ஆக்சில் சட்டென்று குளிரும்போது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் டீ நிறத்தில் வெளுத்திருந்தால் சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.