கண்கண்ட சாட்சியா, மரபணுச் சான்றா?

நேரில் பார்த்தவரிடம் முழு விவரமும் கிடைக்கும்: யார், எப்போது, எப்படி. ஆனால் கேட்கும் கேள்விக்கேற்ப நினைவு வளைந்துகொடுக்கும். சந்தேக நபரைப் பிறரோடு நிறுத்திச் சாட்சியிடம் காட்டும் அடையாள அணிவகுப்பை நடத்துபவருக்குச் சந்தேக நபர் யாரென்று தெரிந்திருந்தால், அவர் முகக்குறிப்பே சாட்சியை வழிநடத்திவிடும். தெரியாதவர்தான் நடத்த வேண்டும். சாட்சிக்கு எவ்வளவு உறுதி என்பதை அப்போதே எழுதி வாங்க வேண்டும்.

சம்பவ இடத்தில் கிடைத்த மரபணு 'யாருடையது' என்பதை மட்டுமே சொல்லும். அங்கே எப்படி வந்தது என்று சொல்லாது; கைகுலுக்கலில்கூட ஒட்டிப் போகும். பெரிய ஆபத்து எண்ணில்தான். தொடர்பில்லாத ஒருவருடைய மரபணு தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 10 லட்சத்தில் 1 என்றால், பொருந்திய சந்தேக நபர் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பும் அவ்வளவுதான் என்று பொருளல்ல. 1 கோடிப் பேரில் சுமார் 10 பேர் பொருந்துவார்கள். வேறு சான்று இல்லையென்றால் இவரும் அந்தப் பத்தில் ஒருவர், அவ்வளவே. இரண்டும் முரண்பட்டால், 'யாருடையது' என்ற கேள்வியில் மரபணுவுக்கே எடை அதிகம், மாதிரியில் பலருடையது கலந்திராதவரை.