பயிற்சி ஆட்டத்தில் யாரை இறக்குவது?

டர்பனில் சனிக்கிழமை சாயங்காலம் மாமா வீட்டில் பன்னி சவ் (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) பொட்டலத்தைப் பிரித்தால் போதும், இந்தச் சண்டை தொடங்கிவிடும். டெஸ்டுக்கு முந்தின பயிற்சி ஆட்டத்தில் டெஸ்டில் ஆடப்போகிற பதினொரு பேரையே இறக்குவதா, பதிமூணு பதினாலு பேரை மாற்றி மாற்றி ஆடவிடுவதா, இல்லை தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடுவதா? மாமா முதல் கட்சி. "டெஸ்ட்ல ஆடப்போறவனை உட்கார வச்சிட்டு அப்புறம் எதுக்குடா பயிற்சி?" என்பார்.

அவர் எடுத்து வைக்கும் சாட்சி, இந்திய அணி தென்னாப்பிரிக்கா வந்திருந்த 2006 டிசம்பர், பொட்செஃப்ஸ்ட்ரூம் ஊர். நான்கு நாள் முதல்தர ஆட்டம், அதாவது ரன்னும் விக்கெட்டும் அதிகாரபூர்வக் கணக்கில் சேரும். பக்கத்துக்குப் பதினொரு பேர்தான், ஆளை மாற்றும் வேலையே கிடையாது. பல மாதம் அணிக்கு வெளியே இருந்து திரும்பி வந்த கங்குலி அதில் 83 அடித்தார். அடுத்த வாரம் ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 51. ஸ்ரீசாந்த் 40 ரன்னுக்கு 5 விக்கெட் எடுக்க, தென்னாப்பிரிக்கா 84 ரன்னில் சுருண்டது. இந்த மண்ணில் இந்தியாவுக்கு அதுதான் முதல் டெஸ்ட் வெற்றி.

சரி. ஆனால் அங்கே பலன் யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். இடம் உறுதியானவருக்கு இல்லை, 'இவர் தேறுவாரா' என்று எல்லாரும் சந்தேகப்பட்ட ஆளுக்கு. சந்தேகத்தில் இருப்பவர்களையும் இறக்கிப் பார்க்கணும் என்பது என் கட்சி; மாமாவின் சாட்சி என் பக்கம்தான் பேசுகிறது.

இரண்டாவது வழி, ஆட்டத்துக்கு முதல்தர அந்தஸ்து இல்லாதபோதுதான் செல்லும். எங்கள் கிளப்பில் சீசனுக்கு முன்னால் இப்படித்தான் ஆடுவோம்: நாற்பது அடித்தவனைக் கைதட்டி வெளியே கூப்பிடுவோம், அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே பேடைக் கழற்றுவான். எல்லாருக்கும் ஆட்டம் கிடைக்கும். ஸ்கோரை மட்டும் நம்பவே கூடாது. 2019இல் தென்னாப்பிரிக்கா இந்தியா போனபோது விஜயநகரத்தில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ரோஹித் சர்மா இரண்டே பந்தில் முட்டை. எதிரணியில் மார்க்ரம் சதம் அடித்துவிட்டு மற்றவர்களுக்கு இடம் விட்டார். அப்புறம்? விசாகப்பட்டினம் டெஸ்டில் ரோஹித் 176, 127. மார்க்ரம் புனேயில் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம். (அந்த விசாகப்பட்டினம் டெஸ்டில்தான் நம்ம டர்பன் பையன் செனுரன் முத்துசாமி அறிமுகமானார். முதல் விக்கெட்டே விராட் கோலி. அன்றைக்கு மாமா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.)

மூன்றாவது வழியை 2023 டிசம்பரில் பிரிட்டோரியாவில் பார்த்தோம். இந்திய அணி தங்களுக்குள்ளேயே மூன்று நாள் ஆடியது. பந்துவீச்சாளர்களுக்கு இது நல்லதுதான். ஹைவெல்ட் என்கிற இந்த மேட்டுநிலத்தின் உயரத்தில் பந்து எகிறும், ஊரில் போடுகிற லெங்த் (பந்து குத்துகிற இடம்) இங்கே உதவாது. அதை ஓவர் ஓவராகப் போட்டுத்தான் பழகணும். எதிரணிக்கு வீடியோவும் போகாது. ஆனால் மட்டையாளருக்கு? சொந்த அணிக்காரன் பந்தில் அவுட் ஆனால் வயிற்றில் அந்தப் பயம் வராது. அடுத்து வந்த சென்சூரியன் டெஸ்டில் இன்னிங்ஸ், 32 ரன் வித்தியாசத்தில் தோல்வி. கே.எல். ராகுல் மட்டும் 101.

இதை வைத்து முடிவு கட்டிவிடவும் முடியாது. 2021இல் பயிற்சி ஆட்டமே இல்லாமல் வந்து அதே சென்சூரியனில் 113 ரன்னில் ஜெயித்தார்கள், அன்றும் ராகுல்தான் 123. 2018இலோ பார்ல் ஊரில் இருந்த இரண்டு நாள் ஆட்டத்தை வேண்டாம் என்றுவிட்டுப் போய் கேப்டவுனில் 72 ரன்னில் தோற்றார்கள்.

என்னைக் கேட்டால், நான்கு நாள் கிடைத்தால் எட்டு பேர் உறுதியானவர்கள், மூணு பேர் சந்தேகத்தில் இருப்பவர்கள். ஆறாம் இடத்துக்குப் போட்டி போடும் இருவரில் ஒருவரை நாலாவதாகவே அனுப்பணும். பழைய பந்தையும் களைத்த பந்துவீச்சையும் அடித்துக் காட்டி என்ன பயன்? முதன்மை வேகப்பந்து வீச்சாளர் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஓவர் போட்டதும் காலணியைக் கழற்றிவிடட்டும். மூன்றே நாள் என்றால் பதினாலு பேர். மூன்றாவது வழி, வேறு எதுவும் கிடைக்காதபோது.

மாமா கறிக்குழம்பு ஊறின ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "அப்போ உன் கணக்குல மூணாவது வேகப்பந்து வீச்சாளர் யாருடா?" அங்கேதான் நானும் மாட்டிக்கொண்டேன்.