திட நிலை பேட்டரிப் பங்கா, ஓடும் ஆலையின் பங்கா?

இன்னும் சந்தைக்கு வராத திட நிலை பேட்டரியை (உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் இருக்கும் வகை) நம்பி ஒரு நிறுவனத்தில் பணம் போடுவதா, ஏற்கெனவே வழக்கமான பேட்டரி செல் செய்து விற்றுக்கொண்டிருக்கும் நிறுவனத்தில் போடுவதா? நான் தேர்ந்தது இரண்டாவதை. அதற்குக் காரணம் வேதியியல் மீதான சந்தேகம் அல்ல.

புதியதன் கவர்ச்சி தெரிந்ததுதான். செல்லின் எதிர்மின்முனையில் கிராஃபைட்டுக்குப் பதில் லித்தியம் உலோகம் வந்தால் அதே எடையில் கூடுதல் ஆற்றல், வேகமான சார்ஜ். ஜெயித்தால் பங்கு பல மடங்காகும். ஓடும் ஆலையில் அந்தப் பாய்ச்சல் கிடைக்காது. மிகை உற்பத்தியும் விலைப் போட்டியும் லாபத்தை அரிக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தேறும் விகிதம்: நூறு செல் செய்தால் விற்கும் தரத்தில் எத்தனை வெளியே வருகின்றன என்பது. 24 அடுக்கு கொண்ட ஒரு செல்லைக் கணக்கிடுங்கள். ஒவ்வோர் அடுக்கும் பழுதின்றி வரும் வாய்ப்பு 99% என்றால், முழுச் செல்லும் தேறுவது சுமார் 79%தான். அடுக்குக்கு 95% என்றால் 29% ஆகிவிடும். 97%ஐத் தாண்ட அடுக்குக்கு 99.9% வேண்டும். இரு மின்முனைகளையும் பிரித்து வைக்கும் பீங்கான் பிரிப்பானில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்தாலே, சார்ஜ் ஏறும்போது லித்தியம் அதற்குள் ஊசிபோல் வளர்ந்து மறுபுறத்தைத் தொட்டு, செல் ஷார்ட் ஆகும். ஆய்வகத்தில் நல்ல செல்லைப் பொறுக்கி எடுத்துக் காட்டலாம். ஆலையில் கழித்த ஒவ்வொன்றும் செலவுக் கணக்கில் ஏறும்.

பழகிய வேதியியலே இந்த இடத்தில் கவிழ்ந்திருக்கிறது. ஸ்வீடனின் நார்த்வோல்ட் செய்தது வழக்கமான லித்தியம் அயான் செல்தான். உற்பத்தி திட்டமிட்ட அளவை எட்டவில்லை. 2024 ஜூனில் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது, 2025 மார்ச்சில் நிறுவனம் திவாலானது. அமெரிக்காவின் ஏ123 நிறுவனம் 2009இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2012 மார்ச்சில், மிச்சிகன் ஆலையின் பழுதான செல்களை மாற்றித் தர சுமார் 5.5 கோடி டாலர் ஆகும் என்றது. அக்டோபரில் திவால். ஒரு வெல்டிங் இயந்திரத்தின் அளவு பிசகியதுதான் அந்தப் பழுதின் வேர்.

இப்படிக் கழிக்கும் செல்களுக்கான பணம் எங்கிருந்து வரும்? விற்பனை இல்லாத நிறுவனம் புதுப் பங்கு வெளியிட்டுத்தான் திரட்டும். ஆண்டுக்கு 25% வீதம் நான்கு ஆண்டு பங்குகள் பெருகினால், உங்கள் உரிமை 41% ஆகச் சுருங்கும். தொழில்நுட்பம் ஜெயித்தும் முதலீட்டாளர் தோற்பது இப்படித்தான். திட நிலை பேட்டரியை உருவாக்கும் அமெரிக்க நிறுவனமான குவாண்டம்ஸ்கேப்பின் பங்கு 2020 டிசம்பரில் 130 டாலரைத் தொட்டது. 2024இல் 10 டாலருக்குக் கீழே கிடந்தது. அதற்குள் ஆய்வில் நிறையவே முன்னேறியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அறிக்கையைப் படிக்கும்போது சோதித்த செல்லின் அடுக்கு எண்ணிக்கை, வெப்பநிலை, வெளியிலிருந்து கொடுத்த அழுத்தம், சார்ஜ் வேகம் ஆகிய நான்கையும் தேடுங்கள். ஒன்று விடுபட்டிருந்தாலும் ‘1,000 சுழற்சி’ (ஒருமுறை சார்ஜ் ஏறி இறங்குவது ஒரு சுழற்சி) என்ற எண்ணுக்குப் பொருளில்லை. லித்தியம் உலோக செல்லில் உபரி லித்தியம் இல்லையென்றால், ஒரு சுழற்சியில் 99.9% லித்தியம் திரும்பி வந்தாலும் 1,000 சுழற்சியில் எஞ்சுவது 37%. 80% எஞ்ச, சுமார் 99.98% தேவை. அடுத்து, நிறுவனத்தின் பணக் கையிருப்பை காலாண்டுச் செலவால் வகுங்கள். எட்டுக் காலாண்டுக்குக் குறைவாக வந்தால் புதுப் பங்கு வெளியீடு நெருங்குகிறது என்று கொள்ளலாம்.

என் சாய்வு தளர்வது தாமே ஆலை நடத்தாமல் தொழில்நுட்ப உரிமம் விற்கும் நிறுவனங்களிடம் மட்டும். குவாண்டம்ஸ்கேப் 2024 ஜூலையில் ஃபோக்ஸ்வாகனின் பேட்டரி நிறுவனமான பவர்கோவுடன் செய்தது அத்தகைய ஒப்பந்தம்: ஆலைச் செலவும் கழிவும் பெரும்பாலும் வாங்கியவர் தலையில். உரிமத் தொகை போதிய அளவு வருமா என்பதில் என் கணிப்பு உறுதியானதல்ல. அப்படிப்பட்ட பங்கை வாங்கத்தான் வேண்டுமென்றால் முழுதும் போனாலும் தாங்கும் தொகையோடு, கார் நிறுவனம் சி மாதிரியை, அதாவது விற்பனைக்கான அதே இயந்திரங்களில் செய்த செல்லை, ஏற்றுக்கொண்ட பிறகு வாங்குங்கள். விலை ஏறியிருக்கும், ஆனால் ஏ மாதிரி, அதாவது தொடக்க நிலை முன்மாதிரி, பற்றிய செய்திக்கு வாங்குவதைவிட அதுவே மலிவு.