இன்ஹெரிடன்ஸோடு பல வருடம்: நண்பர் கேட்டதற்குப் பதில்

புதிதாக ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதப்போகும் நண்பர், எல்லாவற்றையும் கிளாஸ் (விவரங்களையும் அவற்றைக் கையாளும் வேலைகளையும் சேர்த்துக் கட்டிய அச்சு), ஆப்ஜெக்ட் (அந்த அச்சில் வார்த்தது) என்றே வடிவமைக்கலாமா என்று கேட்டார். அதே மாதிரி ஒரு சாஃப்ட்வேரில் சரக்கு இருப்பு தப்பாகக் காட்டியதைச் சரிசெய்து அப்போதுதான் நிமிர்ந்திருந்தேன். அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன்.

கோளாறு இன்ஹெரிடன்ஸில், அதாவது ஒரு கிளாஸ் இன்னொன்றின் வாரிசாகி அதன் வேலைகளையெல்லாம் அப்படியே பெறுவதில். ரிட்டர்ன் பில்லும் ஒரு பில்தானே என்று அதை விற்பனை பில்லின் வாரிசாக வைத்திருந்தார்கள். டயகிராமில் பார்க்க அழகுதான். ஆனால் விற்றால் இருப்பு குறைய வேண்டும், திரும்பி வந்தால் கூட வேண்டும். பிறகு யாரோ தாய் கிளாஸில் பில்லைச் சேமிக்கும் சேவ் மெத்தடில் இருப்பைக் குறைக்கும் கோட் (code) ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ரிட்டர்ன் கூட்டுகிறது, தாய் குறைக்கிறது, வந்த சரக்கு கணக்கில் ஏறவே இல்லை. ரிட்டர்ன் கிளாஸில் யாரும் கை வைக்காததால் அங்கே எவ்வளவு தேடினாலும் ஒன்றும் சிக்காது.

ஜாவா புரோகிராம் மொழியை உருவாக்கியவர்களே இதில் விழுந்திருக்கிறார்கள். 1996-ல் ஜாவா 1.0-வோடு வந்த ஸ்டேக் (தட்டுகளின் அடுக்கு மாதிரி) கிளாஸ், எந்த இடத்திலும் செருகக்கூடிய வெக்டர் என்ற பட்டியல் கிளாஸின் வாரிசு. அதனால் மேலிருந்து மட்டும் எடுக்க, வைக்க வேண்டிய ஸ்டேக்கின் நடுவில் எதை வேண்டுமானாலும் செருகலாம். பழைய புரோகிராம்கள் உடையும் என்பதால் இன்றுவரை அப்படியே கிடக்கிறது. 2009-ல் வெளியான கோ மொழி இன்ஹெரிடன்ஸே இல்லாமல் வந்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது எங்கள் பில்லுக்கு வரிக் கணக்கே தெரியாது. ஒரு இன்டர்ஃபேஸிடம் (என்ன கேட்கலாம் என்று மட்டும் சொல்லி, கணக்கை வேறு கிளாஸிடம் விடும் ஒப்பந்தம்) தொகையைக் கொடுத்து வரியைக் கேட்கும், அவ்வளவுதான். அதற்கு முந்தைய வாட் வரிக்கான கிளாஸுக்குப் பக்கத்தில் ஜிஎஸ்டி கிளாஸ் ஒன்றை எழுதினோம். மாநிலத்துக்குள் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, வெளியே போனால் ஐஜிஎஸ்டி, எல்லாம் அதற்குள்ளேயே அடங்கின. பழைய பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால் வாட் கணக்கோடு சரியாக வந்தது. இவ்வளவு பெரிய மாற்றத்தை பில் கிளாஸைத் தொடாமலே முடித்த அந்தச் சந்தோஷம் வேறு எந்த முறையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இருந்தாலும் இன்றைக்கு இந்தக் கிளாஸ், ஆப்ஜெக்ட் முறைக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான். நண்பரே, டேபிள்களும் சாதாரண ஃபங்ஷன்களும் வைத்தே ஆரம்பியுங்கள். வரிக்கு மட்டும் ஒரு இன்டர்ஃபேஸ் போடுங்கள். ரிட்டர்னைத் தனியாகவே எழுதுங்கள், நாலு வரி கோட் திரும்ப வந்தாலும் பரவாயில்லை.