ஆறு வருசமா வேர்ட்பிரஸ் புளொக் பிளகின் பாவிச்ச அனுபவம்: கழட்டினாப் பிறகு என்ன மிஞ்சும்?

வேர்ட்பிரஸ் எண்டது வெப்சைட் கட்டுற மென்பொருள். எழுத்து, படம், பட்டன் எண்டு புளொக் புளொக்காத்தான் அதில பக்கம் கட்டுறது, மேலதிக புளொக் தாற சேர்க்கைதான் புளொக் பிளகின். ஒரு புளொக் பிளகின் நல்லதோ இல்லையோ எண்டு அறிய நான் இப்ப முதல் செய்யிற வேலை, அதைப் போட்டு ஒரு பக்கம் கட்டி, கையோட அதைக் கழட்டிப் பாக்கிறதுதான். பரீட்சைக்கெண்டு ஒரு வெறும் வெப்சைட் வச்சிருக்கிறன், அதில நாலைஞ்சு புளொக் போட்டு தமிழ் எழுத்து நிரப்பி, டீஆக்டிவேட் அமத்தி பிளகினை நிப்பாட்டினாப் பிறகு பக்கம் எப்பிடி நிக்குது எண்டு பாப்பன். சிலதில நிறமும், பக்கத்தைப் பத்தி பத்தியாப் பிரிக்கிற கொலமும் போகும், எழுத்தும் படமும் அப்பிடியே கிடக்கும். சிலதில அந்த இடமே வெறுமையாப் போகும். இதை 2019இல யாரும் எனக்குச் சொல்லித் தந்திருந்தா ஒரு வெப்சைட்டை இரண்டு தரம் கட்டியிருக்கத் தேவையில்லை.

போன கிழமை முல்லைத்தீவில டியூட்டரி நடத்துற தங்கச்சி ஒராள் கோல் எடுத்து, அண்ணா எந்த பிளகின் போடுறது, எல்லாரும் ஒவ்வொண்டு சொல்லினம் எண்டு கேட்டா. போனில சொல்லி முடியேல்ல, அதுதான் எழுதுறன்.

நான் இருக்கிறது பரந்தனில. வேர்ட்பிரஸ் 5.0 வந்தது 2018 டிசம்பர் 6, குட்டன்பேர்க் எண்ட புளொக் எடிட்டர் அதோடதான் உள்ளுக்க வந்தது. அடுத்த வருசம் பனை வேலை செய்யிற பெண்கள் குழு ஒண்டுக்கு, பனங்கட்டி, புழுக்கொடியல், கடகம், நீத்துப்பெட்டி எல்லாம் படத்தோட போட்டு ஒரு சைட் செய்து குடுத்தன். அப்ப எடிட்டரோட சும்மா வாற புளொக் காணாமத்தான் இருந்தது, அதால காசு கட்டுற பெரிய பிளகின் ஒண்டு வாங்கினனான், பெயர் வேண்டாம். வடிவா இருந்தது, கட்டி வச்ச மாதிரிப் பக்கங்களான டெமோவை இறக்கினா அரை மணித்தியாலத்தில சைட் ரெடி.

2022 வந்தது. 200 ரூபாவுக்குக் கிட்ட நிண்ட டொலர் இரண்டு மாசத்துக்குள்ள 360க்குப் போட்டுது, வருசா வருசம் டொலரில புதுப்பிக்கிற லைசென்ஸ் அது, குழுவில இருந்த அக்காமாருக்கு அந்தக் காசுக்கு எத்தினை கடகம் இழைக்கோணும் எண்டு கணக்குப் பாக்கவே எனக்கு மனம் வரேல்ல. லைசென்ஸ் முடிய அப்டேட் நிண்டுது. பழைய வேர்சனோட வேர்ட்பிரஸை மட்டும் அப்டேட் பண்ணிக்கொண்டு போக எனக்குப் பயமாக் கிடந்தது, சரி கழட்டுவம் எண்டு கழட்டினா, பொருள் அட்டையள் இருந்த இடம் முழுக்க வெள்ளை. 40 பக்கத்துக்குக் கிட்ட. மணித்தியாலக் கணக்கில கரண்ட் வெட்டின காலம், கரண்ட் வாற நேரம் பாத்து இரவிரவா இருந்து ஒவ்வொரு பக்கமாத் திருப்பிக் கட்டினன்.

ஏன் அப்பிடி வெறுமையாப் போகுது எண்டதை அப்பதான் மினக்கெட்டு இருந்து விளங்கிக்கொண்டன். புளொக் எடிட்டரில நாங்கள் எழுதுறது சாதாரண எச்டிஎம்எல் (வெப் பக்கத்தின்ர எழுத்தையும் படத்தையும் குறிக்கிற மொழி) ஆத்தான் டேட்டாபேசில சேமிக்கப்படுது, சுத்திவர, வெளியில தெரியாத ஒரு கொமெண்ட் வரி மட்டும் இது இன்ன புளொக் எண்டு சொல்லும். பிளகின் போனாலும் அந்த எச்டிஎம்எல் போகாது, நிறம், அளவு, இடைவெளியைச் சொல்லுற சிஎஸ்எஸ் மட்டும்தான் போகும். ஆனா சில புளொக் டைனமிக், எழுத்தைப் பக்கத்தில வைக்காம செட்டிங்கை மட்டும் வச்சிட்டு, ஆக்கள் பக்கத்தைத் திறக்கிற நேரம் பிளகினின்ர பிஎச்பி நிரல் ஓடித்தான் உள்ளடக்கத்தைக் கொண்டுவரும். பிளகின் இல்லையெண்டா கொண்டுவர ஆளில்லை. பதிவுப் பட்டியல் மாதிரி விசயத்துக்கு டைனமிக் கட்டாயம் வேணும், அது பிழையில்லை. நாங்கள் கையால எழுதின விலையும் விபரமும் அதுக்குள்ள போய் மாட்டினாத்தான் கரைச்சல். இதுக்கும் முந்தி வந்த, அடைப்புக்குறிக்குள்ள கட்டளை போட்டுப் பக்கம் கட்டுற சோர்ட்கோட் பில்டர்களில கழட்டினா சதுர அடைப்புக்குறியா பக்கம் முழுக்க நிக்கும், அதோட பாத்தா புளொக் எவ்வளவோ மேல்.

திருப்பிக் கட்டேக்க எடுத்தது ஜெனரேட்புளொக்ஸ். ஜெனரேட்பிரஸ் தீம் (சைட்டின்ர முழுத் தோற்றத்தைத் தாறது) செய்த டொம் அஸ்போர்னின்ர பிளகின். அப்ப அதில இருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய புளொக்தான், கொண்டெய்னர் எண்ட பெட்டி, கிரிட் எண்ட கட்டம், ஹெட்லைன், பட்டன், படம், பிறகு பதிவுகளைப் பட்டியலாக் காட்டுற குவெரி லூப். படம் மாறி மாறி வாற ஸ்லைடரும் கிடையாது, ஓடுற எண்ணும் கிடையாது. முதல் பாத்த உடன இதென்ன ஒண்டும் இல்லையே எண்டுதான் எனக்கும் இருந்தது, ஆனா கொண்டெய்னருக்குள்ள கொண்டெய்னர் வச்சுக் கட்டப் பழகினாப் பிறகு என்ன வடிவம் வேணுமெண்டாலும் வரும், பக்கமும் பாரமில்லை. ஒட்டுசுட்டான் உள்பக்கம் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு நிக்கிற இடத்தில இருந்து போனில பாக்கிற ஆக்களுக்கு இது பெரிய விசயம். 2.0 வேர்சனில புளொக்கையே புதுசா மாத்திப்போட்டினம், பழைய புளொக்கில கட்டின பக்கங்கள் அப்பிடியே ஓடுது, எனக்கு அதுதான் நம்பிக்கை தந்தது. குறை எண்டா, பேடிங், பிளெக்ஸ் எண்டா என்னெண்டு தெரியாத ஆளுக்கு இதைக் குடுக்கேலாது. சிஎஸ்எஸ் கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கோணும்.

அப்பிடித் தெரியாத ஆக்களுக்கு நான் போட்டுக் குடுக்கிறது கேடன்ஸ் புளொக்ஸ். டப், திறந்து மூடுற அக்கோடியன், போர்ம், கலரி, ஐகன் எல்லாம் காசில்லாத வேர்சனிலயே இருக்கு, ஒரு பக்கத்தில பாவிச்ச புளொக்கின்ர சிஎஸ்எஸ் மட்டும்தான் அந்தப் பக்கத்துக்கு இறங்கும். கோயில் ஒண்டின்ர சைட்டை ரீச்சர் ஒராள் இதை வச்சுத்தான் மூண்டு வருசமாத் தனியா நடத்துறா. ஸ்பெக்ட்ரா எண்ட பிளகினையும் கொஞ்சக் காலம் பாத்தனான், அஸ்ட்ரா தீம் செய்த ஆக்களின்ரதான், 2022இல பெயர் மாத்த முந்தி அல்டிமேட் அடொன்ஸ் எண்டு இருந்தது. அஸ்ட்ரா பாவிக்கிற ஆக்களுக்கு அது பொருந்தும், எனக்கு அதில தங்கத் தேவை வரேல்ல.

அந்தக் கோயில் சைட்டில கேடன்ஸுக்கு முந்தி வேற ஒரு பிளகின் இருந்தது. கொடியேத்தத்துக்கு முதல்நாள் பின்னேரம் அதை அப்டேட் பண்ணினன். வெளியில பாக்க பக்கம் வழமை போலத்தான் நிண்டுது, ஆனா பூசை நேரம் மாறிட்டுது தம்பி எண்டு ஐயா சொல்ல எடிட்டரைத் திறந்தா, ஒவ்வொரு புளொக்கிலயும் எதிர்பாராத உள்ளடக்கம் இருக்கு எண்டு செய்தி. கனடாவிலயும் சுவிஸிலயும் இருக்கிற ஊர் ஆக்கள் அந்தப் பக்கத்தைப் பாத்துத்தான் நேரலைக்கு வந்து இருப்பினம், நேரத்தை மாத்தேலாம நான் பட்ட பாடு சொல்லேலாது. பக்கத்தில சேமிச்சிருக்கிற எச்டிஎம்எல்லும், புது வேர்சன் இப்பிடித்தான் இருக்கோணும் எண்டு எதிர்பாக்கிறதும் ஒத்துப்போகாட்டி வாற செய்தி அது. நல்லா எழுதின பிளகினில பழைய வடிவங்களையும் உள்ளுக்க வச்சிருப்பினம், பழசைக் கண்டா புதுசா மாத்தி எடுக்கும். அதுக்குப் பிறகு நான் அப்டேட் வந்து ஒரு கிழமை பொறுப்பன், பேக்கப் எடுப்பன், பரீட்சை சைட்டில ஒருக்கா ஓட்டுவன். விசேசம் நடக்கிற கிழமையில ஒண்டையும் தொடமாட்டன்.

தமிழ் சைட்டுக்கு மட்டும் வாற பிரச்சினையளை எந்த டெமோவிலயும் காணேலாது. ஆங்கிலத்தில ஒரு சின்னச் சொல் நிக்கிற பட்டனுக்குள்ள "தொடர்புகொள்ளுங்கள்" எண்டு போட்டுப் பாருங்கோ, போனில உடைஞ்சு இரண்டு வரியாகும் இல்லாட்டி வெளியில நீட்டும். டெமோவில வாற வரி இடைவெளியில மேல் வரியின்ர கீழ்ச்சுழியும் கீழ் வரியின்ர விசிறியும் முட்டும், நான் 1.7 வைக்கிறனான். எழுத்துரு, அளவு, வரி இடைவெளி இதுகளை ஒவ்வொரு புளொக்குக்குள்ளயும் தனித்தனியா வைக்கவே வேண்டாம், தீமில ஒருக்கா வையுங்கோ. நான் முதல் சைட்டில புளொக் புளொக்கா வச்சிட்டு பிறகு நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாறேக்க ஒவ்வொண்டாத் திறந்து மாத்தினது இரண்டு நாள் வேலை. பக்க முகவரியையும் கவனியுங்கோ. தமிழ்த் தலைப்பை அப்பிடியே விட்டா, வேர்ட்பிரஸ் முகவரிக்கு வச்சிருக்கிற இடம் 200 எழுத்து, ஒரு தமிழ்க் குறி அதில 9 இடம் பிடிக்கும், புள்ளியும் கொம்பும் தனித்தனியா எண்ணுப்படும், அதால 22 குறியோட தலைப்பு வெட்டுப்படும். குறுக்கி நீங்களே எழுதிவிடுங்கோ. பாமினி எண்ட பழைய எழுத்துருவில ரைப் பண்ணின வேர்ட் பைல் தருவினம், அதை யூனிகோடுக்கு மாத்தாம ஒட்டக்கூடாது எண்டதை நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு காலத்தில இன்னொண்டும் நடந்தது. வேர்ட்பிரஸோட வாற புளொக்கே வளந்திட்டுது. 5.8 வேர்சனில குவெரி லூப் வந்தது, 6.0இல புளொக்கைப் பூட்டுற வசதி, 6.3இல திறந்து மூடுற டீட்டெயில்ஸ் புளொக், 6.5இல எழுத்துருவை நாங்களே ஏத்துற இடம். முந்தி அக்கோடியனுக்கு மட்டுமெண்டு பிளகின் போட்ட சைட் இரண்டில அதைக் கழட்டிப்போட்டன். பூட்டு வசதிதான் எனக்குக் கனக்க உதவினது, குழுவில விலை மாத்துற அக்கா போனிலதான் எடிட் பண்ணுறவ, விரல் பட்டு கொலம் இடம் மாறிப்போகும் எண்டு பயந்து பயந்து செய்வா. இப்ப பெட்டியெல்லாம் பூட்டிக் கிடக்கு, எழுத்து மட்டும் மாறும். பனங்கட்டி விலையை சிங்க் பேட்டனாச் செய்து வச்சிருக்கிறன், ஒரு இடத்தில மாத்த எல்லாப் பக்கத்திலயும் மாறும்.

தங்கச்சிக்கு வேண்டியது நேரசூசி, பாட விபரம், போன் இலக்கம், பெறுபேறு வந்தா நாலு படம். அவவுக்குப் பிறகு அந்த சைட்டைப் பாக்கப்போறது ஏ.எல் முடிச்சிட்டு வந்து நிக்கிற பிள்ளையள் ஆராவது ஒராள். பிளகின் ஒண்டும் போடாமத் தொடங்குங்கோ எண்டு சொன்னன். இரண்டு தவணை ஓடட்டும், எங்க முட்டுதெண்டு ஒரு கொப்பியில எழுதி வச்சிட்டு கோல் எடுங்கோ, பாத்துப் போடுவம்.