எட்டு வெள்ளி கடன் அறிக்கையை நம்பி வீட்டை வாடகைக்கு விடலாமா?

பொருள் சேவை வரியோடு 8.72 வெள்ளி. ஒருவர் கடனை எப்படிக் கட்டுகிறார் என்று காட்டும், கிரெடிட் பியூரோ சிங்கப்பூர் தரும் கடன் அறிக்கையின் விலையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாடகைக்கு ஆள் தேர்ந்தெடுக்க அதை மட்டும் நம்பினால் தராசில் நீளம் அளந்த கதைதான்.

முதலில் நடைமுறை. அறிக்கையை வீட்டுக்காரர் வாங்க முடியாது. வாடகைக்கு வருபவர்தான் தன் பெயரில் எடுத்துக் காட்ட வேண்டும். வங்கியில் கடனோ கடன் அட்டையோ கேட்டு, ஏற்றோ மறுத்தோ முடிவுக் கடிதம் வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் அவருக்கு அது இலவசமாகவே கிடைக்கும். வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பை நம்பாதீர்கள், அதில் எண்ணைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. வீடு பார்க்க வரும்போது அவருடைய கைபேசியிலேயே திறக்கச் சொல்லுங்கள்.

மதிப்பெண் 1,000 முதல் 2,000 வரை. 1,911 முதல் ஏஏ என்ற மிக நல்ல படி, கடைசிப் படி எச்எச். அதைவிடப் பயனுள்ளது கணக்கு வாரியாக வரும் 12 மாதக் கட்டம். எந்த மாதம் ஒழுங்காகக் கட்டினார், எந்த மாதம் தள்ளிப்போனது என்பது அதில் எழுத்துக் குறியீடாக இருக்கும். ஆண்டின் தொடக்கத்தில் தடுமாறிப் பிறகு சீரானவர் வேறு, கடந்த இரண்டு மாதமாகத் தடுமாறுபவர் வேறு. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது.

பெரிய குறை, பெரும்பாலும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் தகவல்தான் அதில் ஏறும், வாடகை ஏறாது. மூன்று வீட்டில் வாடகை பாக்கி வைத்தவர் கடன் அட்டையை ஒழுங்காகக் கட்டியிருந்தால் ஏஏ வாங்கலாம். போன மாதம் சென்னையிலிருந்து எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்தவருக்கோ இங்கே கடன் வரலாறே இருக்காது. இந்தியாவில் அவருக்கு இருக்கும் சிபில் கடன் மதிப்பெண்ணும் இந்த அறிக்கையில் வராது.

இதைவிட நல்ல காகிதம் ஒன்று வாடகைதாரர் கையிலேயே இருக்கிறது: பழைய வாடகை ஒப்பந்தத்தின் முத்திரை வரிச் சான்றிதழ். நான்கு ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு வரி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். மாதம் 3,000 வெள்ளி, இரண்டு ஆண்டு என்றால் மொத்தம் 72,000, வரி 288. “இதுவரை 3,000 கொடுத்துக்கொண்டிருந்தேன்” என்பவரின் சான்றிதழில் 240 என்று இருந்தால், அவர் கொடுத்தது 2,500. சான்றிதழ் உண்மையானதா என்று உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். அதே வீட்டுக்கு இரண்டாவது சான்றிதழும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பித்த வீட்டுக்காரர் எழுதாமல் எழுதிய சிபாரிசு அது.

அடுத்தது முன்னாள் வீட்டுக்காரரிடம் பேசுவது. பலர் தவறுவது இங்கேதான். இப்போதைய வீட்டுக்காரரைக் கேட்டால், ஆள் ஒழிந்தால் போதும் என்று இருப்பவர்கூட “தங்கமான பையன்” என்பார். அதற்கு முந்தையவரைக் கேளுங்கள். கொடுத்த எண் நண்பனுடையதாகவும் இருக்கலாம். பேசுபவரின் பெயர், முகவரி இரண்டும் முத்திரையிட்ட ஒப்பந்தத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். “ஆள் எப்படி?” என்று கேட்பதில் பயனில்லை. வாடகை எந்தத் தேதியில் கணக்கில் ஏறியது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் சர்வீஸ் செய்து ரசீது கொடுத்தாரா, வைப்புத்தொகையில் எவ்வளவு பிடித்தீர்கள், எதற்கு, ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் யாராவது தங்கினாரா என்று கேளுங்கள். ஏர்கான் ரசீது சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் யாரும் நினைவூட்டாமல் அதைச் செய்பவர் குழாய் ஒழுகினாலும் அன்றே சொல்வார். முழு வீட்டில் இருந்தவர் என்றால் எஸ்பி குழுமத்தின் செயலியில் பழைய மின்சார, தண்ணீர்க் கட்டணங்களையும் காட்டச் சொல்லலாம். மாதாமாதம் முன்பாக்கி தொடர்ந்தால் வாடகையும் அந்த வழியில்தான் வரும்.

வருமானத்துக்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மத்திய சேம நிதிச் சந்தா விவரத்தைக் காட்டட்டும். முதலாளி பெயரும் மாதமும் அதில் இருக்கும், இடைவெளி விழுந்தால் உடனே தெரியும். பாஸில் இருப்பவர்களுக்குச் சேம நிதி கிடையாது. வருமான வரிக் கணிப்பு அறிக்கையும் மூன்று மாதச் சம்பளச் சீட்டும், அந்தத் தொகை வங்கிக் கணக்கில் ஏறிய பதிவும் போதும். திவால் தேடலுக்கு 6 வெள்ளி, சட்ட அமைச்சின் கீழுள்ள அலுவலகத்தின் இணையச் சேவையில் செய்யலாம். இரண்டு மாத வைப்புத்தொகை வைத்து இரண்டு ஆண்டுக்கு விடும் வீட்டுக்கு இந்த 6 வெள்ளியை மிச்சம் பிடிக்காதீர்கள்.

வெளிநாட்டவரின் பாஸைச் சோதிப்பது நம்பகத்தன்மைக்கு அல்ல, சட்டத்துக்கு. மூன்று படி: அசல் பாஸைப் பார்ப்பது, விவரங்களைக் கடப்பிதழோடு ஒப்பிடுவது, பிறகு மனிதவள அமைச்சிடமோ குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடமோ இணையத்தில் உறுதிசெய்வது. ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் உங்களைக் காப்பாற்றாது. முகவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட வேண்டாம், வீட்டுக்காரருடைய பொறுப்பு வீட்டுக்காரரிடமே இருக்கிறது.

“இந்தியர் வேண்டாம்” என்ற விளம்பரங்களைப் பார்த்துக் கொதிப்போம், சரிதான். ஆனால் நம் வீட்டுக்காரர்கள் சிலரின் சோதனையும் “ஊர்ல எங்க?” என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது. தஞ்சாவூர்க்காரர் என்பதால் ஒன்றாம் தேதி வாடகை வந்துவிடுமா?

புதிதாக வந்தவரிடம் மேலே சொன்ன காகிதங்களில் பாதி இருக்காது, அது அவர் குற்றமும் இல்லை. வேலை நியமனக் கடிதத்தையும் பாஸ் கைக்கு வருமுன் மனிதவள அமைச்சு தரும் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதத்தையும் கேளுங்கள். நிறுவனத்தைக் கூப்பிடும்போது கடிதத்தில் உள்ள எண்ணை விட்டு, அதன் இணையத்தளத்தில் உள்ள எண்ணை அழையுங்கள். நிறுவனமே தன் பெயரில் ஒப்பந்தம் போடச் சம்மதித்தால் அது இன்னும் நல்லது. இல்லாவிட்டால் முதல் ஒப்பந்தத்தை ஓராண்டோடு நிறுத்திக்கொண்டு, பன்னிரண்டு மாதமும் வாடகை ஏறிய தேதிகளைப் பார்த்துவிட்டு இரண்டாம் ஆண்டைப் பேசலாம்.